கன்னத்துக்கு வந்த கண்ணீர்

மெத்தைக்காரரின் மனைவி இறந்த அன்று முதலில் பிடிபட்டவர் எதிர்வீட்டு அத்தை.

அத்தை பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. உள்ளே வந்தார். மெத்தைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருஷமா என்ன பாடுபட்டா. இனிமே அவளுக்கு வலி இல்லைப்பா" என்றார். அதற்குள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆறுதல் கழகத்தின் மேற்பார்வையாளர் எழுந்து வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க உரிமம் எடுத்திருக்கீங்களா?"

"எதுக்குப்பா?"

"ஆறுதல் சொல்றதுக்கு."

"நான் எதிர்வீடு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து பழக்கம்."

"பழக்கம் வேற, பயிற்சி வேற. வலி இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

அத்தை உடலைத் திரும்பிப் பார்த்தார். கேட்டால் பதில் சொல்லும் நிலையில் அவள் இல்லை.

"இதுக்குப் பேர் ஆதாரமில்லா ஆறுதல். துக்க வீடாச்சேன்னு பார்க்கறேன். இந்த ஒரு தடவை எச்சரிக்கையோட விடறேன்" என்று மேற்பார்வையாளர் பெருந்தன்மையாகச் சொன்னார். அத்தை கையை விட்டுவிட்டு, சுவரோரம் போய், பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவரைப் போல நின்றுகொண்டார்.

இரண்டாவதாகப் பிடிபட்டவன் மச்சினன். இறந்தவளின் ஒரே தம்பி. வாடகை வண்டி ஓட்டுகிறவன். செய்தி கேட்டு வண்டியை நடுத்தெருவில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். "அக்கா, இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டியேக்கா!" என்று வாசலிலேயே கத்தினான். அது இறந்தவர் மீது பழி சுமத்தும் வகையைச் சேர்ந்தது என்றும், அவ்வகையில் மூன்று தடவைக்கு மேல் கத்தினால் வளாகத்தை விட்டு வெளியேற்ற விதி இருக்கிறது என்றும் அவனுக்கு விளக்கப்பட்டது. அவன் இரண்டே தடவையோடு நிறுத்திக்கொண்டான். மூன்றாவதை எரிமேடைக்கு என்று மிச்சம் வைத்தான். அங்கே மேற்பார்வையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஆறுதல் கழகம் இந்த நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதன் இயக்குநர் அதற்கு முன்பு வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். அவருடைய மாமனார் இறந்தபோது யாரோ ஒருவர் அவர் தோளில் கை போட்டு, "எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதானே" என்றாராம். அன்று இரவே இயக்குநருக்கு ஞானம் பிறந்தது. "இரண்டு சக்கர வண்டியை ஓட்டவே உரிமம் கேட்கிறோம். துக்கத்தில் இருக்கும் மனசை மட்டும் எவன் வேண்டுமானாலும் ஓட்டலாமா?" என்று நகராட்சியில் கேட்டார். நகராட்சியில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் ஒரு துறை அமைப்பது நகராட்சியின் வழக்கம். அன்றிலிருந்து மயானத்தில் இடம் வேண்டுமானால் கழகத்தின் ஆறுதலையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். செருப்போடு பெட்டி வருகிற மாதிரி.

கழகம் வந்தபின் ஊர் ஒழுங்குக்கு வந்தது. "நம்ம கையில என்ன இருக்கு" என்று யாரும் சொல்வதில்லை. அது பொறுப்பைத் தட்டிக்கழித்தல். "கொஞ்சமாவது சாப்பிடுங்க" என்று வற்புறுத்துவதில்லை. அது துயரைத் திசைதிருப்புதல். துக்க வீட்டில் இப்போது நல்ல அமைதி. எல்லோரும் பல்வலி வந்தவர்களைப் போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மச்சினன் மட்டும் தினமும் சாயங்காலம் மெத்தைக் கடை வாசலில் வண்டியை நிறுத்துவான். இறங்கி வந்து நிற்பான். வாயைத் திறப்பான். தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பான்.

"பஞ்சு விலை ஏறியிருக்காமே மாமா."

"ஆமாடா."

"ஏறத்தான் செய்யும்."

அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மாமாவும் மச்சினனும் பஞ்சு விலையைப் பற்றி அந்த மாதம் பேசிய அளவுக்குப் பஞ்சு வியாபாரிகளே பேசியிருக்க மாட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். மார்பில் கழகத்தின் வில்லை. முப்பது வயதிருக்கும். முன்பு ஏதோ ஒரு கம்பெனியின் தொலைபேசிப் புகார் பிரிவில் வேலை பார்த்தவளாம்; குரலில் அந்த மெருகு இருந்தது. கடைக்குள் வந்ததும் நாற்காலியை மெத்தைக்காரருக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டாள். சரியில்லை என்று மறுபடி எழுந்து இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"ஐயா, உங்க துக்கத்துக்கு நான் காது கொடுக்க வந்திருக்கேன்."

"காது இருக்கட்டும்மா. ஒரு கை கொடு. இந்த உறையோட வாயைப் பிடி."

அவள் திகைத்தாள். பாடத்தில் இது இல்லை போலிருக்கிறது. ஆனாலும் பிடித்தாள். மெத்தைக்காரர் பஞ்சை அள்ளி அள்ளி உள்ளே தள்ளினார். அன்று அவள் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் தும்மலில் போயின.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நாற்காலி மூலைக்குப் போனது. அவள் பஞ்சுக் குவியலின் மேலேயே உட்கார்ந்து பழைய மெத்தைகளைப் பிரிக்கப் பழகினாள். மெத்தைக்காரர் கோணூசியால் தைத்துக்கொண்டே பேசினார். மனைவி எப்படிச் சிரிப்பாள், கணக்கில் எப்படி ஏமாறவே மாட்டாள், கடைசி வருடத்தில் எப்படி விடிய விடிய முனகிக்கொண்டே கிடப்பாள். அவள் "ம்" என்பாள். அந்த "ம்"மில் எந்த மெருகும் இல்லை. அதனால்தான் ஒரு நாள் அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன. அவ போன அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேம்மா."

அவள் பஞ்சைப் பிரிப்பதை நிறுத்தினாள்.

"ஒரு வருஷமாத் தூக்கமே கிடையாது. எல்லாரும் போனாங்க. படுத்தேன். காலையில வெயில் மூஞ்சியில அடிக்கற வரைக்கும் ஒரு கனவுகூட இல்லை. எந்திரிச்சதும் உடம்பு அவ்வளவு லேசா இருந்துச்சு. அப்புறம்தான் பக்கத்துல பார்த்தேன்." ஊசியை மெத்தையில் குத்தி வைத்தார். "ஊருக்கே மெத்தை தைக்கறவன். பொண்டாட்டி செத்த அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அவள் மடியிலிருந்த பஞ்சை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பா இறந்த அன்னிக்கு நான் ரெண்டு தடவை சாப்பிட்டேன் ஐயா. ஒளிஞ்சு நின்னு. அவ்வளவு பசி. அந்தச் சோறு எவ்வளவு ருசியா இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

சொல்லும்போதே கண் நிறைந்தது. நிறைந்து வழிந்து கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, மடியிலிருந்த பஞ்சில் விழுந்தது. மூக்கும் ஒழுகியது. பக்கத்தில் கிடந்த துணித் துண்டை எடுத்துச் சிந்தினாள். அது ஒரு வாடிக்கையாளரின் தலையணை உறை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மெத்தைக்காரர் உலகத்தில் தன்னைப் போல இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடையைப் பூட்டினார். மனைவி போனபின் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

மறுநாள் அவள் வரவில்லை. வேறொருவர் வந்தார். ஓய்வு பெற்ற கணக்காளர். வழுக்கை, மூக்கு நுனியில் கண்ணாடி, ஈ உட்கார்ந்தால்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விரட்டுவார் போன்ற முகம். நாற்காலியைச் சரியான சாய்வில் போட்டு உட்கார்ந்தார்.

"வணக்கம் ஐயா. கோபம் எப்ப வரும்?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். அந்த அம்மா 'மனம் திறத்தல்' முடிச்சிட்டாங்க. எனக்கு 'கோபம்' ஒதுக்கியிருக்காங்க. நீங்க கோபப்படணும், நான் தாங்கணும்."

"அந்தப் பொண்ணு எங்க?"

"அவங்களுக்கு செய்முறைத் தேர்வு முடிஞ்சுதே. நல்ல மார்க்குன்னு கேள்வி. உங்களைத்தானே தேர்வுக்குக் கொடுத்திருந்தாங்க. சொல்லலியா?" பிறகு தானே பதில் சொல்லிக்கொண்டார்: "சொல்ல மாட்டாங்க. சொன்னா நீங்க இயல்பா இருக்க மாட்டீங்க. எனக்குக் கிடைச்ச முதல் ஆள் ஒரு விதவை அம்மா. எவ்வளவு சீண்டியும் கோபப்படவே மாட்டேங்கறாங்க. எனக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கறாங்க. நான் ஃபெயிலாயிட்டேன் ஐயா. நீங்களாவது கொஞ்சம் மனசு வையுங்க."

மெத்தைக்காரர் எழுந்தார். பஞ்சு அடிக்கும் கோலைக் கையில் எடுத்தார். "வெளியே போய்யா!" என்ற குரல் தெருமுனை வரை கேட்டது.

கணக்காளரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டார். "கோலை ஓங்கினதுக்குத் தனி மார்க் உண்டு."

கழகத்தின் அலுவலகம் பழைய வாகனப் பள்ளி இருந்த அதே கட்டடம்தான். சுவரில் 'வேகம் குறைக்கவும்' பலகையை எடுத்துவிட்டு 'மெல்லப் பேசவும்' வைத்திருந்தார்கள். இயக்குநர் மெத்தைக்காரரை எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க, வாங்க. நீங்க எங்களுக்கு ஒரு பொக்கிஷம். சாதாரணமா வர்ற துயருற்றவங்க அழுதுட்டுப் போயிடறாங்க. உங்க துக்கத்துல அடுக்கு இருக்கு."

"என்கிட்டச் சொல்லாம எப்படி சார் என்னைப் பரீட்சைக்கு வெச்சீங்க?"

"பரீட்சை உங்களுக்கு இல்லையே ஐயா. நீங்க எப்படித் துக்கப்பட்டாலும் நாங்க பாஸ் போட்டுடுவோம்."

"அந்தப் பொண்ணைப் பார்க்கணும். ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு அது அழுதுச்சு. நிஜமா அழுதுச்சான்னு கேட்கணும்."

இயக்குநரின் முகம் மாறியது. கதவைச் சாத்தினார். "அதுதான் எங்களுக்கும் தலைவலி. ஆறுதல் சொல்ற ஆற்றுநரோட கண் கலங்கலாம். அது பரிவு. கன்னத்துக்கு வரக் கூடாது. வந்தா அது அவங்க சொந்த துக்கம். உங்க நேரத்துல அவங்க துக்கப்பட்டுட்டாங்கன்னு அர்த்தம். நேரா ஃபெயில். ஆனா அதே கண்ணீரை ஒருத்தர் தெரிஞ்சே, வேணும்னே வரவழைச்சா, அது எங்க உச்சகட்டப் பயிற்சி. இதுவரைக்கும் யாருக்கும் கைவந்ததில்லை. தங்கப் பதக்கம், மயானத்துல நிரந்தர வேலை. அந்தப் பொண்ணோட கண்ணீர் இதுல எதுன்னு பட்டமளிப்பு விழாவுல பொதுவுல விசாரிச்சு முடிவு பண்ணப்போறோம். அதுக்கு முன்னாடி நீங்க சந்திச்சா காப்பியடிக்கறதுக்குச் சமம். விழாவுக்கு வாங்க. நெருங்கிய சொந்தம் ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க."

நெருங்கிய சொந்தம் என்று மிச்சமிருந்தவன் மச்சினன் ஒருவன்தான். கூப்பிட்டதும் அவன் வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். வழியில் பஞ்சு விலையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. மாமா தன்னை ஒரு காரியத்துக்கு அழைத்துவிட்டார் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. பட்டம் பெறுகிறவர்களின் குடும்பங்கள் நல்ல உடை உடுத்தி, குழந்தைகளோடு வந்திருந்தன. மெத்தைக்காரரும் மச்சினனும் முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! முன்பெல்லாம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே உள்ளே வந்துவிடும். ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அழுகிறவரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். எந்த அளவும் கிடையாது, எந்த மேற்பார்வையும் கிடையாது. அந்த இருண்ட காலத்தை நாம் ஒழித்துவிட்டோம். இன்று ஒரு துக்க வீட்டுக்கு நீங்கள் போனால் குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கும். இதை விடப் பெரிய ஆறுதல் உண்டா?"

கைதட்டல்.

"நம் கழகம் ரகசியம் காக்கும் கழகம். எனவே நான் சொல்லப்போகும் துயருற்றவர் யார் என்று வெளியிட மாட்டேன். முதல் வரிசையில், இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மெத்தை வியாபாரி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"அவர் யாரிடமும், தம் சொந்த மைத்துனரிடம்கூடச் சொல்லாத ஒரு வாக்கியத்தை நமது மாணவி வெளியே எடுத்தார். வலியில்லாமல், தழும்பில்லாமல். அந்த வாக்கியம் இதுதான்: 'மனைவி இறந்த அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.'"

மண்டபம் "ஆ" என்றது, பிறகு கைதட்டியது. ஒரு குழந்தை அப்பாவிடம், "அந்தத் தாத்தாதான் தூங்கினவரா?" என்று கேட்டது. மெத்தைக்காரருக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்க்கத் துணிவில்லை. அந்த நாற்காலியின் கைப்பிடி கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பெண் மேடைக்கு அழைக்கப்பட்டாள். இயக்குநர் கேட்டார்: "கண்ணீர் கன்னத்துக்கு வந்தது உண்மையா?"

"வந்தது ஐயா."

"தானாக வந்ததா, வரவழைத்ததா?"

அவள் கீழே பார்த்தாள். மெத்தைக்காரர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். ரகசியம் போய்விட்டது, மானம் போய்விட்டது. அந்த ஒரு சொட்டாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தது மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

"வரவழைச்சதுதான் ஐயா" என்றாள். "அவர் சொன்னதுக்கு இணையா ஒரு அனுபவத்தைச் சொல்லணும்னு பாடத்துல இருக்கு. அதனால எங்கப்பா இறந்துட்டதாச் சொன்னேன்."

"அப்பா?"

"வந்திருக்காங்க."

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். நல்ல திடமான ஆள். இறந்ததற்காக அவருக்குக் கிடைத்த கைதட்டல் வெகு நேரம் ஓயவில்லை. பெருமையில் அவரும் சேர்ந்து தட்டினார்.

"ஆனால் விதி என்ன சொல்கிறது?" என்றார் இயக்குநர். "ஆறுதல் சொன்னவர் தாமே சான்று சொல்ல முடியாது. ஆறுதல் பெற்றவர் உறுதிசெய்ய வேண்டும். ஐயா, மேலே வாருங்கள்."

மெத்தைக்காரர் ஏறினார். ஒலிபெருக்கி கைக்கு வந்தது. அவள் ஒரு கை தூரத்தில் நின்றாள். முகத்தில் மெருகு சரியாக இருந்தது. விரல்கள் மட்டும் வில்லையைத் திருகிக்கொண்டிருந்தன.

"நீங்கள்தான் மிக அருகில் இருந்து பார்த்தவர். அந்தக் கண்ணீர் நிஜமா, பயிற்சியா?"

நிஜம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கு வரவிருந்த வேலை போகும். பொய் சொன்னதற்கு அது தகும். நிஜம் என்றே அவர் நம்பவும் விரும்பினார். மூக்கு ஒழுகியதை யாராவது பாடத்தில் வைப்பார்களா? அப்புறம் மூன்றாவது வரிசையில் எழுந்து கும்பிட்ட அப்பா ஞாபகம் வந்தது. இந்தக் கழகம் மூக்கையும் பாடத்தில் வைத்திருக்கும்.

அவள் உதடு அசையாமல், ஒலிபெருக்கிக்கு எட்டாமல், "ஐயா, ரெண்டு பிள்ளைங்க ஐயா" என்றாள். அது நிஜமா பயிற்சியா என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"பயிற்சிதான்" என்றார் மெத்தைக்காரர். "ஒரு சொட்டுகூட நிஜம் இல்லை."

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. தங்கப் பதக்கம் அவள் கழுத்தில் விழுந்தது. மெத்தைக்காரருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். துக்கத்தை முழுமையாக நிறைவுசெய்தவர் என்று அதில் அச்சடித்திருந்தது. கணக்காளர் ஓடிவந்து, தாமும் தேறிவிட்டதாகவும் எல்லாம் அந்தக் கோலின் புண்ணியம் என்றும் சொல்லிக் கையைக் குலுக்கினார்.

கீழே இறங்கிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

மச்சினன் வெளியே வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. மெத்தைக்காரர் வந்து நின்றார். மச்சினன் பழக்கத்தில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"நிஜமாத் தூங்கினீங்களா மாமா?"

"தூங்கினேன்டா."

"என் அக்கா செத்த அன்னிக்கு."

"ஆமா."

மச்சினன் தலையை ஆட்டினான். "தினம் வந்து நின்னேனே. உங்க கடை வாசல்ல. என்ன சொல்றதுன்னு தெரியாம, எதைச் சொன்னா எவன் பிடிப்பான்னு தெரியாம, பஞ்சு விலையைக் கேட்டுக்கிட்டு நின்னேனே. என்கிட்டச் சொல்லத் தோணலை. வில்லை குத்திட்டு வந்தவகிட்டச் சொன்னீங்க."

"உன்கிட்டச் சொன்னா..."

"அடிச்சிருப்பேன்" என்றான் மச்சினன். "கண்டிப்பா அடிச்சிருப்பேன் மாமா. என் அக்கா போய்ச் சேர்ந்த ராத்திரி உனக்குத் தூக்கம் ஒரு கேடான்னு கேட்டு, அறைஞ்சிருப்பேன். அறைஞ்சிட்டு அங்கேயே உக்காந்திருப்பேன். விடியற வரைக்கும்."

மெத்தைக்காரர் சட்டென்று அவன் பக்கம் திரும்பி, முகத்தை நீட்டினார். "இப்ப அடிடா."

மச்சினன் கையைத் தூக்கினான். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது. கை இறங்கியது.

"எப்படி மாமா அடிக்கறது?" என்றான். "அதுக்கு ஊரே கை தட்டிருச்சே."

வண்டியில் ஏறினான். மாமா ஏறட்டும் என்று பின்கதவைத் திறந்துவிட்டான். வழக்கமாக முன்னால் உட்கார்த்திக்கொள்வான். வாடகைக்கு வருகிறவர்கள்தான் பின்னால் உட்காருவார்கள்.